இடது பின்கதவின் நீலம்

மகள் பிறந்த அன்று நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். மற்ற அப்பாக்கள் இந்த இடத்தில் கண் கலங்குவார்கள், அல்லது போனை எடுப்பார்கள். இவர் குழந்தையை ஜன்னலோரம் கொண்டுபோனார். வெளிச்சத்தில் பிடித்து முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், காது மடலைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்துவிட்டு மறுபடி முன்பக்கம் திருப்பினார். நர்ஸ் பொறுமையாக நின்றிருந்துவிட்டுக் கேட்டாள்:

"என்ன சார், எடுத்துக்கிறீங்களா, இல்ல மாத்தித் தரணுமா?"

அந்த மாமனிதரின் வாழ்க்கையில் ஒரு நீலக் கார் வந்து சேர்ந்த கதை இது.

அவரை எல்லோரும் அம்பு என்றுதான் அழைப்பார்கள். துணி ஆலையில் செக்கிங் பிரிவில் வேலை. சாயம் ஏறிய துணி ரோல் ரோலாக அவரிடம் வரும். சாய்வான கண்ணாடி மேஜை, அடியில் ட்யூப்லைட். மேஜைமேல் துணி ஆறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு முடிச்சு, ஒரு ஓட்டை, ஒரு கறை, நிறத்தில் மயிரிழை வித்தியாசம், எது தெரிந்தாலும் மெஷினை நிறுத்தி, அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். அம்பு விழுந்த துணி வந்த வழியே திரும்பிப் போகும். மேல்முறையீடு கிடையாது. குறை இல்லாத ரோலில் மட்டும் கையெழுத்துப் போடுவார். "நான் கையெழுத்துப் போட்ட துணியில குறை இருக்காது. இருந்துச்சுன்னா அது துணியோட குறை இல்ல, என்னோட குறை" என்பது அவருடைய அரசியல் சாசனம்.

ஸ்டிக்கர் ரோல் எந்நேரமும் சட்டைப்பையில் இருக்கும். ஆலைக்குள் மட்டும்தான் அம்பு ஒட்ட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லாததால் வீட்டிலும் ஒட்டுவார். மடித்து வைத்த போர்வையில் ஒட்டுவார், அலமாரிக் கதவில் ஒட்டுவார், மகளின் மதிப்பெண் அட்டையில் ஒருமுறை ஒட்டினார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி, அவர் தூங்கும்போது உச்சந்தலையில் முடி கொட்டிப்போன இடத்தைக் காட்டி ஒரு அம்பை ஒட்டிவிட்டாள். அதோடு ஆலைக்குப் போய் மதியம் வரை வேலை பார்த்தார். ஒருவரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கத்தியபோது, "சரியான இடத்துலதானே இருக்குன்னு விட்டுட்டோம்" என்றார்கள்.

எதிரி இல்லாத வாழ்க்கை வரலாறு சப்பென்று இருக்கும். அம்புவுக்கு அந்தக் குறை இல்லை. ஆலையின் பின்கட்டில் சாயப் பிரிவு இருந்தது. அதன் அதிபதி டையிங் மாஸ்டர். நகக்கண்ணில் நிரந்தரமாக நீலமோ சிவப்போ குடியிருக்கும் மனிதர். அம்பு திருப்பி அனுப்பிய ஒவ்வொரு ரோலையும் தோளில் தூக்கிக்கொண்டு, இருபது வருடமாக, செக்கிங் பிரிவுக்கு நேரில் வந்து வாதாடுவார். வாதங்கள் மொத்தம் ஐந்து. வரிசை மாறவே மாறாது.

"இது லைட்டோட கோளாறுய்யா. உன் ட்யூப்லைட்ல எல்லாம் இப்படித்தான் தெரியும்."

"வெளிச்சத்துக்கு வாங்க மாஸ்டர்" என்பார் அம்பு. அவருடைய பதில் எப்போதும் அது ஒன்றுதான். இருவரும் ஜன்னலோரம் போவார்கள். ரோலின் ஒரு முனை ஒரு நிறமாகவும் மறுமுனை அதன் சித்தப்பா மகன் நிறமாகவும் தெரியும்.

"நூல் ரகம் வேறய்யா. ரகம் மாறினா சாயத்தக் குடிக்கிறதும் மாறும்."

"வெளிச்சத்துக்கு வாங்க."

"வெளிச்சத்துலதானேய்யா நிக்கிறேன்! ஒரு தடவ துவைச்சா எல்லாம் ஒண்ணாயிடும். எல்லாக் கம்பெனியிலயும் இதுதான் நெலம. வாங்குறவன் என்ன, உன்னை மாதிரி பூதக்கண்ணாடி வச்சா பாக்கப் போறான்?"

அம்பு பேசாமல் இன்னொரு ஸ்டிக்கரைக் கிழித்து முதல் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒட்டுவார். மாஸ்டர் அதே தோளில் அதே ரோலைத் தூக்கிக்கொண்டு, போகிற வழியெல்லாம் சாபம் விட்டுக்கொண்டே போவார். "நீ ஒரு நாள் உன் காசுல ஏதாவது வாங்குவேல்ல? அன்னிக்கு இருக்கு!"

அந்த நாள் வந்தது.

அம்பு கார் வாங்க முடிவு செய்தார். நிறம் தேர்ந்தெடுப்பதற்கு மட்டும் வீட்டில் ஒரு நாடாளுமன்றமே கூடியது. ஷோரூம்காரர்கள் கொடுத்த நிற அட்டையைக் காலை வெயிலில், மதிய வெயிலில், மழை மூட்டத்தில், பாத்ரூம் லைட்டில் என்று வைத்துப் பார்த்து, கடைசியில் ஆழ்ந்த நீலம் என்று தீர்மானம் நிறைவேறியது. "என்னைக் கட்டிக்கிறதுக்கு இவ்வளவு யோசிச்சீங்களா?" என்று மனைவி கேட்டாள். "உன்னை ஒரே லைட்லதான் பாத்தேன்" என்றார் அம்பு, உண்மையான வருத்தத்தோடு.

டெலிவரி வெள்ளிக்கிழமை மாலை. அன்று மதியம் சாப்பாட்டு அறையில் அம்புவுக்குச் சோறு இறங்கவில்லை. இருபது வருடம் அடுத்தவர் பொருளில் குறை தேடிய மனிதருக்கு, குறையில்லாத பொருள் ஒன்று சொந்தமாகப் போகிறது. பெஞ்சிலிருந்து எழுந்து நின்று அறிவித்தே விட்டார்:

"ஞாயித்துக்கிழமை காலைல எல்லாரும் வீட்டுக்கு வாங்க. வண்டியப் பாருங்க. மாஸ்டர், நீங்களும் வரணும். அதுல ஒரு குறை, ஒரே ஒரு குறை கண்டுபிடிச்சுட்டீங்கன்னா, இந்தா இருக்குல்ல..." என்று சட்டைப்பையிலிருந்து சிவப்பு ரோலை எடுத்து உயர்த்திப் பிடித்தார். "இத உங்க கையில குடுத்துடுறேன். அதுக்கப்புறம் உங்க துணிக்கு நீங்களே அம்பு ஒட்டிக்கலாம். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அறையில் கரண்டிச் சத்தம் நின்றது. தையல் பிரிவின் மேற்பார்வையாளரான அக்கா, எந்த வம்பையும் பாதியில் விடுகிற பழக்கம் இல்லாதவர், "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல? சாட்சிடா!" என்று மேஜையைத் தட்டினார். மாஸ்டர் மட்டும் மெதுவாகக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, "வர்றேன்யா" என்றார். அந்த ஒற்றை வார்த்தையில் இருபது வருடத்துச் சாயமும் கரைந்திருந்தது.

ஷோரூமில் மாலை வரவேற்பு, ஒரு மன்னர் ஊர் திரும்பினால் நடப்பது மாதிரி நடந்தது. மஞ்சள் விளக்குகள். காரின் மேல் பட்டுத்துணி. பாட்டு. கேக். காரை விடக் கொஞ்சமே சிறியதான ஓர் அட்டைச் சாவி. மேனேஜர், இளைஞர், டை கட்டியவர், "ஒன், டூ, த்ரீ" என்றதும் மகள் துணியை இழுத்தாள். தலைக்கு மேலே ஏதோ வெடித்து வண்ணக் காகிதம் கொட்டியது. ஷோரூம் முழுவதும் கைதட்டியது. துணி செக்கிங்கில் இருப்பவனுக்கு அதுவரை யாருமே கைதட்டியதில்லை. அம்புவின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கண்ணீர் வழியாகப் பார்த்தால் உலகில் எந்தப் பொருளிலும் குறை தெரியாது என்பது ஒளியியல். அந்த நிலையில் ஒரு தாளும் பேனாவும் நீட்டப்பட்டன. போட்டார் கையெழுத்து.

சனிக்கிழமை காலை சூரியன் வழக்கம் போல எழுந்தது. அதற்கு ஷோரூமோடு எந்த உடன்பாடும் இல்லை.

புது மஞ்சள் துணியோடு வாசலுக்கு வந்த அம்பு, வண்டியின் இடதுபக்கம் வந்ததும் நின்றார். ஓரடி பின்னால் போனார். தலையைச் சாய்த்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முன்கதவு ஆழ்ந்த நீலம். பின்கதவும் நீலம்தான். ஆனால் அந்த நீலம் வேறு குடும்பத்து நீலம். கைப்பிடிக்குக் கீழே பெயிண்ட் வழிந்து, கதவே அழுத மாதிரி ஒரு துளி உறைந்து நின்றது. அதற்குக் கீழே பெயிண்டுக்குள் தூசிகளைப் பத்திரமாகப் புதைத்து மேலே பளபளப்பு பூசியிருந்தார்கள். விரலால் தடவினால் மணல் மணலாக நெருடியது.

வேறு ஒருவராக இருந்தால் நெஞ்சில் கை வைத்திருப்பார். அம்புவின் கை சட்டைப்பைக்குப் போனது. இருபது வருடப் பழக்கம் வருத்தத்துக்கு முந்திக்கொண்டது. ஒன்று ஒட்டினார். பக்கத்தில் இன்னொன்று. ரத்தம் சூடாகியது. வாழ்க்கையிலேயே இவ்வளவு குறைகள் ஒரே இடத்தில் அவருக்குக் கிடைத்ததில்லை. குனிந்தும் மண்டியிட்டும் வண்டிக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்தும் ஒட்டிக்கொண்டே போனார். வாயில் மெல்லிய சீட்டி வேறு.

டீயோடு வந்த மனைவி டம்ளரைப் பிடித்தபடி நின்றாள். "ஏங்க, என்ன இது? ராத்திரியில வண்டிக்கு அம்மை போட்டுடுச்சா?"

"பாரு! இங்க பாரு! ஷேடு மாறியிருக்கு! இந்தா வழிசல்! இந்தா தூசி! எவன் பாத்து வெளிய விட்டான் இத? எவன் பாஸ் பண்ணது?"

மனைவி டீயை ஒரு வாய் தானே குடித்துவிட்டுச் சொன்னாள்: "நீங்கதான்."

சீட்டி நின்றது.

"நேத்து சாயங்காலம். கேக்கு வாயில இருக்கும்போது கையெழுத்துப் போட்டீங்க. வீடியோ இருக்கு, காட்டவா?"

மகள் வீடியோவைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் அம்பு கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அவருடைய சிரிப்புக்குப் பின்னால், தெளிவாக, இடது பின்கதவு தெரிந்தது. அப்போதுதான் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்பதும், சாப்பாட்டு அறையும், தட்டப்பட்ட மேஜையும், "வர்றேன்யா" என்ற அந்தக் குரலும் வரிசையாக நினைவுக்கு வந்தன. சட்டைப்பையை ஒரு கையால் பொத்திக்கொண்டார், ரோலை யாரோ பிடுங்க வருகிற மாதிரி.

"நாளைக்குள்ள சரி பண்ணிடலாம்" என்றார், யாரிடமென்று இல்லாமல்.

அம்புகளோடு வண்டியை ஷோரூமுக்கு ஓட்டினார். சிக்னலில் பக்கத்துக் காரிலிருந்த பெரியவர் கண்ணாடியை இறக்கி, "என்னங்க, தேர்தல் சின்னமா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

மேனேஜர் வாசல் நிழலில் நின்று பார்த்தார். அவர் முகத்தில் நேற்றைய புன்னகை அப்படியே இருந்தது. அதைக் கழற்றும் வசதி இல்லை போல.

"சார், இது வெயில் சார். வெயில்ல எல்லா நீலமும் இப்படித்தான் தெரியும்."

அம்புவுக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறோமே.

"அதோட, கதவுத் தகடு வேற, பாடித் தகடு வேற சார். தகடு மாறினா பெயிண்ட்டக் குடிக்கிறதும் மாறும்."

அம்பு மேனேஜரின் நகங்களைப் பார்த்தார். சாயம் இல்லை. சுத்தமாகத்தான் இருந்தன.

"ஒரு பாலிஷ் போட்டா எல்லாம் ஒண்ணாயிடும் சார். எல்லாக் கம்பெனி வண்டியிலயும் இதுதான். யார் சார் இவ்வளவு உத்துப் பாக்கப் போறாங்க?"

ஐந்து. அதே வரிசை. அம்புவின் வாய் தானாகத் திறந்தது. "வெளிச்சத்துக்கு வாங்க தம்பி" என்றார். மேனேஜர் தாராளமாக வந்தார். வருவதற்கு முன் பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார். பிறகு அதே புன்னகையோடு அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். "பாத்துத் திருப்தியாகித்தானே சார் கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

அம்பு தாளில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். இந்தக் கேள்வியைக் கண்டுபிடித்தவரே அவர்தான்.

பாலிஷ் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது அந்தக் கதவு முன்பைவிட நன்றாக மின்னியது. அதனால் எட்டு வீடு தள்ளி நின்றாலே வித்தியாசம் தெரிந்தது. கூடவே காருக்குள் தொங்கவிட ஒரு வாசனை அட்டையும் இலவசம். ஏமாற்றத்துக்கு எலுமிச்சை வாசனை என்று அம்பு அன்றுதான் அறிந்துகொண்டார்.

அன்று மாலை, இருபது வருடத்தில் முதன்முறையாக, அம்பு ஒரு குறையை மறைக்கத் திட்டமிட்டார். வண்டியை வீட்டுச் சுவரோடு சுவராக, இடதுபக்கம் ஒரு விரல் நுழையாதபடி நிறுத்தினார். பின்னால் எடுத்து, முன்னால் விட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி, சுவரும் காரும் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொள்ளும் வரை விடவில்லை. மனைவி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு செய்யுங்க. மேல கூரையப் போட்டு வலதுபக்கமும் ஒரு சுவர் எழுப்பிடுங்க. வண்டி ரொம்ப நாள் புதுசாவே இருக்கும்."

"பேசாம இரு. மாஸ்டர் வந்து வலதுபக்கத்தப் பாப்பாரு, போயிடுவாரு."

"அவரு இடத்துல நீங்க இருந்தா போவீங்களா?"

அன்று அம்புவுக்குத் தூக்கம் வந்ததா என்று கேட்கக் கூடாது.

ஞாயிறு காலை ஆலை வேன் தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் வந்தது. தையல் அக்கா முதலில் இறங்கினார், பின்னால் கட்டிங், பேக்கிங் என்று ஆட்கள். கடைசியாக, துவைத்து மடித்த வெள்ளைச் சட்டையில், கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி மாஸ்டர் இறங்கினார். "அடேயப்பா", "என்ன கலரு", "கண்ணு பட்டுடும்" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் பானெட்டில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டார். மாஸ்டர் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்புறம் பார்த்தார். வலதுபுறம் பார்த்தார், பின்புறம் பார்த்தார். அங்கே நின்றார்.

"ஏன்யா, வண்டி சுவரக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது?"

"நிழலுக்கு மாஸ்டர்."

"நிழல் எதிர்ப்பக்கம்ல இருக்கு?"

"மத்தியானம் இங்க வரும்."

மாஸ்டர் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு விடியல். இருபது வருடமாகத் தன்னிடம் சொல்லப்பட்ட சொல்லைத் திருப்பிச் சொல்லும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஒவ்வொரு எழுத்தையும் ருசித்துச் சொன்னார்:

"வெளிச்சத்துக்கு... வாய்யா."

கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அம்பு வண்டிக்குள் ஏறினார். தெரு நடுவில், முழு வெயிலில், கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கி, யாரையும் பார்க்காமல் நின்றார். இடது பின்கதவு தன் தனி நீலத்தில், பாலிஷ் வேறு போட்டுக்கொண்டு, ஜொலித்தது. தையல் அக்கா "அய்யய்யோ" என்று வாயைப் பொத்தினார்.

அம்பு சட்டைப்பையிலிருந்து சிவப்பு ரோலை எடுத்து மாஸ்டர் கையில் வைத்தார். "நான்தான் கையெழுத்துப் போட்டேன் மாஸ்டர்" என்றார். சட்டைப்பை ஒட்டிப்போய்க் கிடந்தது.

மாஸ்டர் ரோலைக் கையில் உருட்டிப் பார்த்தார். ஒரு ஸ்டிக்கரைக் கிழித்து, வழிசலைக் காட்டி, பொறுமையாக ஒட்டினார். எல்லோரும் அவர் சிரிக்கப்போவதைக் காத்திருந்து பார்த்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"ஷோரூம்காரன்ட்ட போனியா?"

"போனேன்."

"என்ன சொன்னான்?"

"வெயில்ல அப்படித் தெரியுதுன்னான்."

மாஸ்டரின் புருவம் உயர்ந்தது. "அப்புறம்? தகடு ரகம் வேறன்னானா?"

"ஆமா! குடிக்கிறது மாறும்னான்."

"தொடச்சா சரியாயிடும்..."

"பாலிஷ் போட்டா."

"எல்லாக் கம்பெனியிலயும் இப்படித்தான், எவன் உத்துப் பாக்கப் போறான். அதானே?"

"அதே வரிசையில மாஸ்டர்!"

மாஸ்டரின் முகம், அவர் தொட்டியில் கொதிக்கும் சிவப்பு மாதிரி ஆனது. "அடப்பாவி! ஒவ்வொண்ணையும் யோசிச்சு யோசிச்சு நான் சேத்து வச்சதுய்யா! டை கட்டிக்கிட்டு நோகாம எடுத்து விடுறானா? ஏறுங்கய்யா எல்லாரும் வண்டியில!"

அப்படியாக, முன்னால் ஒரு நீலக் கார், அதில் இடது பின்கதவோரம் ஆதாரத்தைப் பாதுகாக்கும் பாவனையில் டையிங் மாஸ்டர், பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு ஆலை வேன் என்று படை புறப்பட்டது. அம்புவின் மனைவி வீட்டைப் பூட்டிவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள். இவ்வளவு நாள் குடும்பம் நடத்தியதற்கு இதையாவது பார்க்க வேண்டாமா?

ஷோரூமில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஓரத்தில் ஒரு குடும்பம் பட்டுத்துணி போர்த்திய காருக்கு முன்னால் கேக்கோடு நின்றது. மேனேஜர் புன்னகையோடு, சட்டைப்பையில் கறுப்புக் கண்ணாடி தொங்க, வந்தார். "சார்..."

"நிறுத்து" என்றார் மாஸ்டர். "வெயில்னு சொல்லப் போற. அதானே?"

மேனேஜர் வாயை மூடினார்.

"அடுத்தது தகடு. அதுக்கடுத்தது பாலிஷ். தம்பி, இதையெல்லாம் இருபது வருஷமா நான் சொல்லிக்கிட்டிருக்கேன். இந்தா நிக்கிறாரே, இவர்ட்டதான் சொன்னேன். ஒண்ணுகூட உண்மை கெடயாது. அம்புட்டும் பொய்யி!"

ஆலை மொத்தமும் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் ஷோரூமின் கண்ணாடிக் கூரையில் மோதியது. அம்பு பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன நடக்கும்னு நான் சொல்றேன் கேளு. சாயம் பத்தாமப் போகும். அவசரத்துல வேற லாட்டுச் சாயத்தக் கலந்து ஊத்துவோம். ஒரு முனை ஒரு மாதிரி, மறுமுனை வேற மாதிரி. இங்கயும் அதான். இந்தக் கதவு எங்கயோ இடிச்சிருக்கு. நீங்களே கொல்லைப்பக்கம் வச்சு, கெடச்ச நீலத்தக் கலந்து, தூசியோட அடிச்சு விட்டிருக்கீங்க. இல்லைன்னு சொல்லு பாப்போம். வெளிச்சத்துக்கு வந்து சொல்லு. அந்தக் கறுப்புக் கண்ணாடியக் குடுத்துட்டு வா."

மேனேஜரின் புன்னகை முதன்முறையாகக் கழன்றது. இருந்தாலும் விடவில்லை. "சார் கையெழுத்துப் போட்டிருக்காரே..."

"போட்டேன்" என்றார் அம்பு. தூணை விட்டுவிட்டு முன்னால் வந்தார். "மஞ்ச லைட்ல, கேக்கத் தின்னுக்கிட்டுப் போட்டேன். என் தப்புதான். அதனால இந்தக் கதவு முன்கதவோட நீலமாயிடுமா?"

ஓரத்தில் நின்ற குடும்பத்துத் தலைவரிடம் அப்போதுதான் தாளும் பேனாவும் நீட்டப்பட்டிருந்தன. அவர் பேனாவின் மூடியை மெதுவாக மறுபடி மூடினார். "கொஞ்சம் இருங்க. வண்டிய வெளிய எடுங்க, வெயில்ல பாக்கணும்" என்றார். அவர் மனைவி கேக்கைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

இதற்கிடையில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. கையில் முதன்முறையாக ஸ்டிக்கர் ரோல் கிடைத்த மாஸ்டரால் சும்மா இருக்க முடியவில்லை. காட்சிக்கு வைத்திருந்த வெள்ளைக் காரைச் சுற்றிவந்து ஒரு அம்பு ஒட்டினார். சிவப்புக் காரில் இரண்டு. "அப்பப்பா, என்ன சொகம்யா இது! இத்தன வருஷமா நீ மட்டும் அனுபவிச்சிருக்கியே!" என்று அம்புவைப் பார்த்துக் கத்தினார். தையல் அக்கா ரோலிலிருந்து ஒரு முழம் கிழித்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். கட்டிங் ஆட்கள் ஒரு பக்கம், பேக்கிங் ஆட்கள் ஒரு பக்கம். துணியில் பழகிய கண்கள், தகட்டில் என்ன தயவு காட்டப்போகின்றன? வாங்க வந்தவர்கள் எல்லோரும் ஸ்டிக்கர் காட்டிய இடத்தில் குனிந்து குனிந்து பார்த்தார்கள். "அட ஆமா!" என்று எங்கிருந்தோ ஒரு குரல். "இங்கயும் இருக்கு!" என்று இன்னொன்று. யாரோ மேனேஜரின் டையில் காப்பிக் கறை இருந்த இடத்தில் ஒன்று ஒட்டினார்கள். அது அம்புவின் மனைவியின் கைவரிசை என்று பிறகு தெரிந்தது.

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் ஓடினார். உள்ளே அவர் கைகள் ஆடியது தெரிந்தது. வெளியே வந்தபோது குரலே மாறியிருந்தது.

"சார், வேற வண்டி தர்றோம். புது வண்டி. அந்தக் கதவு லாரியில இருந்து இறக்கும்போது தூண்ல தேச்சது உண்மைதான். தயவுசெஞ்சு அந்த ரோல மட்டும் வாங்கிடுங்க சார்!"

"அது என்கிட்ட இல்லயே தம்பி" என்றார் அம்பு. "மாஸ்டரோடது."

புது வண்டி வந்த அன்று பட்டுத்துணி வேண்டாம், பாட்டு வேண்டாம் என்று அம்பு சொல்லிவிட்டார். மகள் கேட்டுக்கொண்டதால் கேக் மட்டும் இருந்தது, அதையும் கையெழுத்துக்குப் பிறகுதான் வெட்டினார்கள். காலை வெயிலில், திறந்த வெளியில், நீலம் நின்றது. தாளையும் பேனாவையும் வாங்கிய அம்பு, அவற்றோடு மாஸ்டரைப் பார்த்தார். "ரோல் உங்ககிட்ட இருக்கு. நீங்க பாருங்க."

மாஸ்டர் திகைத்துப் போனார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். சுற்றி வந்தார், குத்துக்காலிட்டார், கட்டைவிரலால் நீவினார், மண்டியிட்டார், பெட்ரோல் மூடியையும் திறந்து மூடினார். வெள்ளைச் சட்டை பாழானது. கடைசியில் எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு, வாழ்நாளில் தான் பிறரிடமிருந்து அரிதாகவே கேட்ட அந்த ஒரு சொல்லைச் சொன்னார்:

"பாஸ்."

அம்பு கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஆலையில் மாஸ்டர் ஒரு ரோலைத் தோளில் தூக்கிக்கொண்டு செக்கிங் பிரிவுக்கு வந்தார். நிறம் மாறிய இடத்தில் அவரே அம்பு ஒட்டியிருந்தார். பழக்கதோஷத்தில், "இது லைட்டோட..." என்று ஆரம்பித்தார். பிரிவே திரும்பிப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டு, அதே தோளில் அதே ரோலோடு திரும்பிப் போனார். புதிதாக ஐந்து வாதங்களை யோசித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

இங்கே ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. புது வண்டியில், பெட்ரோல் ஊற்றும் மூடிக்குச் சற்று மேலே, பெயிண்டுக்குள் ஒரு தூசி இருந்தது. கடுகில் பாதி. அன்று காலை மாஸ்டர் மண்டியிட்டிருந்தபோதே அம்புவின் கண்ணில் அது பட்டுவிட்டது. கை சட்டைப்பைக்குப் போனது. பை காலி. மாஸ்டர் "பாஸ்" என்று சொன்னபோது இருந்த முகத்தைப் பார்த்தார். கையைக் கீழே இறக்கிக்கொண்டார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. தினமும் காலையில் வண்டியைத் துடைக்கும்போது அந்த இடத்தை மட்டும் வேகமாகத் துடைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

அடுத்த வாரம் பெட்ரோல் போடப் போனார். பங்க் ஊழியர் மூடியைத் திறந்தார். "என்ன சார், உள்ள என்னமோ ஒட்டியிருக்கு?"

அம்பு இறங்கிவந்து எட்டிப் பார்த்தார். மூடி மறைக்கும் குழிக்குள், வெளியே யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், சின்னச் சிவப்பு அம்பு ஒன்று. அதன் முனை மேல்நோக்கி, மிகச் சரியாக, அந்தத் தூசியைக் காட்டியது.

அம்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வரிசையில் நின்ற பைக்குக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"பிச்சு எறிஞ்சிடவா சார்?" என்று ஊழியர் கையை நீட்டினார்.

"அய்யய்யோ, தொடாத!" என்று பாய்ந்து தடுத்தார் அம்பு. "நீ பெட்ரோலப் போடுப்பா."